சுழி பார்த்து வாங்கிய வண்டி

காலையில் என்னோடு நடக்க வரும் உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். முந்தாநாள் நம்மில் ஒருவர், மகன் கார் வாங்கப்போகிறான், முதலில் எதைப் பார்க்க வேண்டும் என்று பொதுவாகக் கேட்டு வைத்தார். கேட்டதுதான் தாமதம், முழங்கால் வலிக்காக நடக்க வந்த கூட்டம் முழுக்கக் கார் வியாபாரிகளாகிவிட்டது. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள் என்றார் ஒருவர். நாளைக்கு விற்றால் என்ன விலைக்குப் போகும் என்று பாருங்கள் என்றார் இன்னொருவர். வெள்ளை நிறம்தான் நம் ஊர் வெயிலுக்குத் தாங்கும் என்று ஒரு கட்சி, வெள்ளை வாங்கினால் வாடகைக் கார் என்று கைகாட்டி நிறுத்துவார்கள் என்று எதிர்க்கட்சி. கடைசியில் நம் ஓய்வுபெற்ற தாசில்தார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அதெல்லாம் அப்புறங்க. நம்பர் கூட்டுத்தொகை எட்டு வரக்கூடாது. அதை மட்டும் பாத்துக்குங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினீர்கள். நான் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

வண்டி விஷயத்தில் எனக்கும் அபிப்பிராயங்கள் உண்டு. சொன்னால் சண்டைக்கு வருவீர்கள். நம் ஜனங்களுக்குக் கார் வாங்கத் தெரிந்த அளவு ஓட்டத் தெரியாது. என் தங்கை மகன் சிங்கப்பூரில் இருக்கிறான். பேராவூரணித் தோப்பு வீட்டில் ஒரு கார் வாங்கி நிறுத்தியிருக்கிறான். வருஷத்தில் பதினைந்து நாள் ஓடும். மிச்ச நாளெல்லாம் தார்ப்பாய்க்குள் கிடக்கும். போன வருஷம் மட்டையோடு தேங்காய்க் குலை விழுந்து கூரை நசுங்கியது. இன்னமும் சீட்டின் பிளாஸ்டிக் உறையைப் பிரிக்கவில்லை. போய் உட்கார்ந்தால் தொடை ஒட்டிக்கொள்ளும். பிரேக் எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கமாட்டோம். எலுமிச்சம்பழம் வைத்தாச்சா என்று நாலு தடவை கேட்போம்.

நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். நடக்கும்போது எதிரில் வரும் ஒவ்வொரு வண்டியின் நம்பரையும் நான் மனசுக்குள் கூட்டிக்கொண்டே வருவேன். நிறுத்தலாம் என்றால் முடிவதில்லை. ஐம்பது வருஷத்துக்கு மேலாகிறது. ஏன் என்று கேட்டால் என் ஒன்பதாம் வயசில் ஆடியிலிருந்து கார்த்திகை வரை நடந்ததைச் சொல்லவேண்டியிருக்கும். கேட்கச் சுகமாக இருக்காது. சொல்லியாகவேண்டும் என்று தோன்றிவிட்டது, சொல்கிறேன்.

எங்கள் ஊர் திருவையாற்றுக்குக் கிழக்கே, ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்தது. அப்பாவுக்குச் சொந்தமாகக் கொஞ்சம், குத்தகைக்குக் கொஞ்சம் நிலம். விவசாயத்தில் அவர் பெரிய ஆள் இல்லை. மாடு பார்ப்பதில்தான் அவருக்குப் பேர். மாட்டின் உடம்பில் முடி சுழன்று நிற்கிற இடத்துக்குச் சுழி என்று பெயர். அது எந்த இடத்தில் எப்படி இருக்கிறது என்பதை வைத்து, வாங்குகிறவன் குடும்பம் விளங்குமா விளங்காதா என்று சொல்லிவிடுவார்கள். முதுகின் இரண்டு பக்கமும் நேருக்கு நேராக இருந்தால் பாடைச் சுழி, அந்த மாடு நுழைந்த வீட்டில் சாவு விழும். முடி பூரான் ஊர்வதுபோல மேல்நோக்கிப் போனால் ஏறுபூரான், வீடு ஏறும். கீழே இறங்கினால் இறங்குபூரான், வீடும் கூடவே இறங்கும்.

பத்து ஊரிலிருந்து ஆட்கள் அப்பாவைச் சந்தைக்கு அழைத்துப்போவார்கள். அவர் மாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். உள்ளங்கையை முதுகில் வைத்து ஒரே இழுப்பாக வால்வரை இழுப்பார். பிறகு ஒரே வார்த்தை. "இருக்கு" அல்லது "இல்லை". அதற்குமேல் பேச்சு கிடையாது. எங்கள் சொந்தக் காளை ஒன்றுக்கு இறங்குபூரான் இருப்பதை வாங்க வந்தவனிடம் தானே காட்டிக்கொடுத்து, பாதி விலைக்கு விற்றுவிட்டு வந்தவர் அவர். சுழி விஷயத்தில் அவர் பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் இதை நான் பெருமையாகச் சொல்லித் திரிந்திருக்கிறேன்.

அப்பாவின் ஒரே தங்கை என் அத்தை. பெற்றவர்கள் போய்விட்டதால் அப்பாதான் வளர்த்தார், அந்தத் தை மாசம் கல்யாணமும் செய்துவைத்தார். மாமாவுக்குப் பூதலூர் பக்கம். பந்தலில் மாமாவின் அம்மா ஒரு வார்த்தை கேட்டார் என்பதற்காக, "தலைதீபாவளிக்குள்ள மாப்ளைக்கு மோட்டார் சைக்கிள்" என்று அப்பா சபையில் சொல்லிவிட்டார். அந்தக் காலத்தில் புது வண்டிக்குப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இது அப்பாவுக்குத் தெரியாது. மாடு மாதிரி, போனால் பிடித்துக்கொண்டு வரலாம் என்று நினைத்துவிட்டார்.

ஆடி பிறந்தது. வழக்கப்படி புதுப்பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவந்தோம். ஆடி முடிந்தது. ஆவணியிலும் அத்தையைக் கூப்பிட யாரும் வரவில்லை. பூக்காரம்மாதான் சேதி கொண்டுவந்தாள். "வண்டி வந்தாத்தான் பொண்ணை அழைச்சுக்குவாங்களாம். அந்தம்மா கண்டிசனாச் சொல்லிட்டாங்களாம்." அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு அத்தையைப் பார்த்தாள். அத்தை ஒன்றும் கேட்காதவள்போலக் கீரையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். தண்டையும் இலையையும் சேர்த்துக் கிள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

மாமாவைப் பற்றிச் சொல்லவேண்டும். ஒல்லியானவர், பேச வெட்கப்படுவார். நெல் அரவை மில்லில் வேலை. விதை நெல் விசாரிக்கிற சாக்கில் ஒருநாள் பூதலூரிலிருந்து சைக்கிள் மிதித்துக்கொண்டே வந்துவிட்டார். சட்டைப்பையில் இலையில் மடித்த அசோகா அல்வா. நெய் கசிந்து பையெல்லாம் மஞ்சளாக ஊறியிருந்தது. மாட்டுக்கொட்டகைக்குப் பக்கத்தில் நின்று அத்தையிடம் கொடுத்தார். நான் வைக்கோல் போருக்குப் பின்னால் இருந்தேன்.

"வண்டியெல்லாம் எனக்கு ஒண்ணும் முக்கியமில்லை. அம்மாதான் ஊருல சொல்லி வெச்சிட்டாங்க" என்றார்.

"அப்ப இப்பவே கூட்டிக்கிட்டுப் போங்க. சைக்கிள்லயே வர்றேன்" என்றாள் அத்தை.

மாமா சிரித்துவிட்டு, சைக்கிள் மணியைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே நின்றார். பிறகு போய்விட்டார். அப்படி ஒரு சாது அவர். அத்தை அல்வாவில் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு, மீதியை இலையோடு வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அப்பா தரகரைப் பிடித்தார். பழைய மாட்டுத் தரகர்தான். காலம் மாறுகிறதென்று மோட்டார் சைக்கிளிலும் இறங்கியிருந்தார். துண்டுக்குள் கைவிட்டு விரலைப் பிடித்து விலை பேசுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை. "மாட்டுக்குச் சுழி எப்படியோ, வண்டிக்கு நம்பர் அப்படிங்க. எட்டு வந்துச்சுன்னா கையால தொடக்கூடாது" என்று அவர்தான் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்பாவுக்கு அது உடனே பிடித்துப்போயிற்று. அதுவரை மோட்டார் சைக்கிள் என்றாலே மிரண்டுகொண்டிருந்தவர், அதற்கும் ஒரு சுழி உண்டென்று தெரிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆவணி பதினேழாம் தேதி தஞ்சாவூருக்குப் பஸ்ஸில் போனோம். அப்பா, தரகர், நான். கணக்கில் நான் கெட்டிக்காரி என்பதைத் தரகருக்குக் காட்டவேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. ரயிலடிக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. மண்ணெண்ணெயும் கிரீஸும் ஈரச் சாக்கும் கலந்த வாசனை. மெக்கானிக் எனக்கு ஒரு கலர் சோடா வாங்கிக்கொடுத்து, கவிழ்த்துப் போட்ட டப்பாமேல் உட்காரவைத்தார். இரண்டு வண்டிகள் நின்றன. ஒன்று கறுப்பு, பழசு. இன்னொன்று சிவப்பு, புதுசாகப் பெயின்ட் அடித்துப் பளபளவென்று இருந்தது.

"கறுப்பை எடுத்துக்குங்க ஐயா. மாட்டு டாக்டர் வெச்சிருந்த வண்டி. கண்ணு சரியில்லைன்னுதான் குடுக்கிறாரு. குழந்தை மாதிரி பாத்துக்கிட்டாரு" என்றார் மெக்கானிக்.

அப்பா வண்டியைச் சுற்றி வந்தார். பெட்ரோல் டேங்கின்மேல் உள்ளங்கையை வைத்து, பின்பக்கம்வரை ஒரே இழுப்பாக இழுத்தார். சீட்டைத் தட்டினார். டயரை விரலால் அமுக்கினார். "நடை பாக்கணும்" என்றார். மெக்கானிக் சிரிப்பை அடக்கிக்கொண்டு தெருக்கோடிவரை ஓட்டிக்காட்டினார். சீரான சத்தம், மெதுவான நடை. அப்பாவுக்குத் திருப்திதான். தலையைக்கூட ஆட்டிவிட்டார்.

"பாப்பா, நம்பரைப் படி."

"ஆறு, நாலு, அஞ்சு, ரெண்டு."

"கூட்டு."

"பதினேழு. ஒண்ணும் ஏழும் எட்டு."

தரகர் நாக்கைச் சப்புக்கொட்டினார். மெக்கானிக் என் பக்கத்தில் வந்து குந்தினார். "பாப்பா, அந்த அஞ்சு மேல சேறு ஒட்டியிருக்கு பாரு. ஆறா இருக்கப்போவுது. அவசரமில்லை, நல்லாப் பாத்துச் சொல்லு" என்றார். நான் டப்பாவிலிருந்து இறங்கிப் போய்ப் பாவாடை நுனியால் துடைத்தேன். அஞ்சுதான். துளிச் சந்தேகமும் இல்லை. "அஞ்சேதான்" என்று கணீரென்று சொன்னேன். மெக்கானிக் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு எழுந்துபோனார். அவர் எனக்கு ஒரு வழி காட்டினார் என்பது எனக்குப் புரியவே இருபது வருஷம் ஆயிற்று. ஆறு என்று சொல்லியிருந்தால் பதினெட்டு, ஒன்பது. அப்பா குனிந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். மகள் கணக்கில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை.

சிவப்பு வண்டி மூன்று, ஏழு, ஒன்று, ஏழு. பதினெட்டு. ஒன்பது. "ராஜாங்க" என்றார் தரகர்.

மெக்கானிக் விடவில்லை. விளக்குக்குக் கீழே, முன்சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கில் நகத்தால் சுரண்டிக் காட்டினார். சிவப்புக்கு அடியில் கோணல்மாணலாக ஒரு தழும்பு. "எங்கேயோ முட்டி உடைஞ்சதைப் பத்த வெச்சுப் பெயின்ட் அடிச்சிருக்காங்க. என் வியாபாரம் கெட்டாலும் பரவாயில்லைங்க, இது வேணாம்."

அப்பா அந்தத் தழும்பைத் தொட்டுப் பார்த்தார். "உடைஞ்சதை மனுஷன் பத்த வெச்சுக்கலாம். நம்பரை எதை வெச்சய்யா பத்த வைக்கிறது?" என்றார். தரகர் துண்டை விரித்தார். இரண்டு கைகளும் அதற்குள் போயின.

வண்டி வீட்டுக்கு வந்தது. கூரையுள்ள இடம் வேறு இல்லாததால் மாட்டுக்கொட்டகையில் நிறுத்தினோம். காளைகள் இரண்டும் முளைக்குச்சியை இழுத்துக்கொண்டு மிரண்டன. அம்மா மஞ்சள் குங்குமம் வைத்தாள். அத்தை யாரும் பார்க்காதபோது டேங்கைத் தடவி, கையை முகர்ந்து பார்த்தாள். என்னையும் முகரச் சொன்னாள். பெட்ரோல் வாசனை. "நல்லா இருக்குல்ல பாப்பா" என்றாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை மாமா வந்தார். களத்தில் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினார். பிள்ளைகள் எல்லாம் பின்னாலேயே ஓடினோம். சாயந்திரம் அத்தையைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பினார். அவள் ஒரு கையால் சீட்டையும் ஒரு கையால் புடவைத் தலைப்பையும் பிடித்துக்கொண்டு, தெரு திரும்பும்வரை எங்களையே திரும்பிப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனாள். அத்தையை அவ்வளவு சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

தலைதீபாவளிக்கு இருவரும் அதே வண்டியில் வந்துபோனார்கள். பத்து நாள்கூட ஆகியிருக்காது. ஐப்பசி மழை விட்ட ஒரு முற்பகலில் மாமா தனியாக மில்லுக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆற்றங்கரைச் சாலையில் மதகு மேட்டில் ஏறி இறங்கியபோது முன்சக்கரம் கழன்று தனியாகப் போய்விட்டது. பத்த வைத்த இடம்தான் விட்டிருந்தது. மதகுச் சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் அவருடைய வலது கால். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள்.

அத்தையை மறுநாளே எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். "கொஞ்ச நாளைக்கு அவ இங்க இருக்கட்டும்" என்று மாமாவின் அண்ணன் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை இரண்டு முறை அப்பாவோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். இரண்டு முறையும் மாமாவின் அம்மா வார்டு வாசலில் நின்றுகொண்டு உள்ளே விடவில்லை. இரண்டாவது முறை கட்டிலிலிருந்து மாமா அத்தையைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாராம். குரல் கேட்டதாம். ஆளைப் பார்க்க முடியவில்லையாம். இதை அம்மாவிடம் சொல்லும்போது அத்தை அழவில்லை, கையில் இருந்த பஸ் டிக்கெட்டைத் திரித்துக்கொண்டே இருந்தாள்.

அப்பா நியாயமாக மெக்கானிக்கை நினைத்திருக்க வேண்டும். நினைக்கவில்லை. ஒன்பது எப்படிக் காலை வாரியது என்பதுதான் அவர் கவலை. என்னை உட்காரவைத்து, சிலேட்டில் எழுதிக் கூட்டச் சொன்னார். எஞ்சின் நம்பரைச் சேர்த்துக் கூட்டினேன், சரிப்படவில்லை. மாமா பிறந்த தேதியைச் சேர்த்தேன், அதுவும் இல்லை. "வாங்கின தேதியச் சேத்துப் பாரு" என்றார். பதினெட்டும் பதினேழும் முப்பத்தைந்து. மூன்றும் ஐந்தும் எட்டு. அப்பா நெடுமூச்சு விட்டார். "பாத்தியா. ஒளிஞ்சுக்கிட்டு இருந்திருக்கு" என்று அம்மாவிடம் சொன்னார். ஒன்பதோடு எதைக் கூட்டினாலும் அதுவேதான் திரும்பி வரும் என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான். விடை வந்ததில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

"பத்த வெச்ச இடம்தான் விட்டுப்போச்சுன்னு சொல்றாங்களே" என்றாள் அம்மா.

"பத்த வெச்சது ஏன் விட்டுச்சு? அதைச் சொல்லு" என்றார் அப்பா. அம்மா உள்ளே போய்விட்டாள்.

கார்த்திகையில் மாமாவின் அம்மாவும் அண்ணனும் வந்தார்கள். உடைந்த வண்டியை ஒரு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கிவிட்டுத்தான் உள்ளே வந்தார்கள். நல்ல பகல், வாசலில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் நாலைந்து பேரும் வந்து நின்றுவிட்டார்கள். மாமாவின் அம்மா தண்ணீர்கூட வாங்கிக்கொள்ளவில்லை.

"நான் வளத்தாம வந்ததைச் சொல்லிடறேன் தம்பி. எம்புள்ளைக்கு வண்டியால வந்த வினை இல்லை இது. தீபாவளி முடிஞ்சு வந்த வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல அவ எண்ணெய் தேச்சுக்கிட்டப்ப நான் கண்ணால பாத்தேன். பிடரியில இறங்குபூரான் இருக்கு. அன்னிக்கே எனக்குத் திக்குன்னுச்சு. சொன்னா நம்பமாட்டீங்கன்னுதான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன்."

அம்மா, "என்னங்க பேசுறீங்க. பொம்பளைப் புள்ளைய மாட்டோட வெச்சுப் பேசுறீங்களே" என்றாள்.

"நான் என்னத்தைக் கண்டேன். சுழி பாக்கறதுல தம்பிதானே பத்து ஊருக்கும் பெரியவரு. அவரே பாத்துச் சொல்லட்டும். இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும், இப்பவே கையோட அழைச்சுக்கிட்டுப் போயிடறேன். எம்புள்ளையும் அவ பேரைத்தான் சொல்லிக்கிட்டுக் கிடக்கறான்."

அந்த அம்மாளைக் கெட்டவள் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு மனசு வரவில்லை. மகனுக்காக ஒரு 'இல்லை'யை வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தாள் என்றுகூடத் தோன்றுகிறது. ஒரு வார்த்தைதான் வேண்டியிருந்தது.

அப்பா எழுந்தார். எல்லோரும் அவரையே பார்த்தார்கள். அவர் பார்க்கமாட்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கத்துவார் என்று நான் நினைத்தேன். அவர் அத்தைக்குப் பின்னால் போய் நின்றார். அத்தை தானாகவே தலையைக் குனிந்து, பின்னலை முன்பக்கம் எடுத்துப் போட்டுக்கொண்டாள். அண்ணன்மேல் அவளுக்கு அப்படி நம்பிக்கை. அப்பா ஒரு விரலால் பிடரி முடியை ஒதுக்கிப் பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

வந்தவர்கள் எழுந்து போனார்கள். அப்பா கொல்லைப்பக்கம் போய், காளைகளுக்கு நடுவில் சாணி மிதிபட நின்றுகொண்டிருந்தார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன் என்று ஊரில் அன்றைக்கும் அவரைப் புகழ்ந்தார்கள். எனக்கு அவர்மேல் தாங்கமுடியாத கோபம் உண்டு, அவர் செத்து இத்தனை வருஷம் ஆகியும் தீரவில்லை. அந்தக் கோபத்தை முழுசாகப் படவும் எனக்கு யோக்கியதை இல்லை. அதனால்தான் கடைசியில் நடந்ததையும் சொல்லவேண்டியிருக்கிறது.

இடையில் நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மாமா மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. கட்டைக்காலோடு அதே மில்லில் உட்கார்ந்து வேலை பார்த்தார். நாங்கள் இருந்த ஊருக்கும் அந்த மில்லுக்கும் பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரத்தை இரண்டு பேரும் முப்பத்துநாலு வருஷம் கடக்கவில்லை. அவர் போன சேதி வந்த அன்றைக்குத்தான் அத்தை தாலியைக் கழற்றினாள். அதற்கடுத்த மழைக்காலத்தில் அவளும் போய்விட்டாள். மாட்டு டாக்டரின் கறுப்பு வண்டியைப் பால் சங்கத்தில் வேலை பார்த்த ஒருவர் வாங்கினார். தினமும் காலையில் எங்கள் தெரு வழியாகத்தான் போவார். நான் காலேஜ் முடிக்கும்வரை அந்தச் சீரான சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அந்தச் சத்தம் வரும்போது அத்தை எந்த வேலையில் இருந்தாலும் கை நின்றுவிடும். அப்பா ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இப்போது நான் சொல்ல வந்தது. அப்பா "இருக்கு" என்று சொன்ன நாலாம் நாள் காலை. அப்பா வயலுக்குப் போயிருந்தார். அம்மா அத்தையைச் சமையலறைக்குள் கூப்பிட்டுப் பேசியது எனக்கும் கேட்டது.

"சுழியாவது கிழியாவது. உன் புருஷன், நீ போ. ஒன்பதரை பஸ் இருக்கு. ஆஸ்பத்திரியில அவங்க அம்மா வெளிய போற நேரம் பாத்து உள்ள போயி அவரு கட்டிலைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துடு. யாரு வந்து உன்னை இழுக்கறாங்கன்னு பாக்கலாம். உங்க அண்ணனை நான் பாத்துக்கறேன்."

"சரி அண்ணி" என்றாள் அத்தை.

அவள் முகம் கழுவிக்கொண்டு வந்து ஒரு பையில் மூன்று புடவைகளை எடுத்துவைத்தாள். மாமாவுக்கென்று எங்கள் வீட்டிலிருந்த ஒரு வேட்டியையும் வைத்தாள். பிறகு சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டி நின்றாள். கையில் அந்த வண்டியின் பக்கக் கண்ணாடி. வாசலில் கிடந்த உடைசலில் உடையாமல் தப்பியது அது ஒன்றுதான், எப்போது கழற்றி வைத்துக்கொண்டாளோ. அதை முகத்துக்கு எதிரே பிடித்துக்கொண்டு, பின்னால் இருக்கும் கண்ணாடியில் தன் பிடரியைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தாள். சின்ன வட்டக் கண்ணாடி, ரசம் போனது. எப்படித் திருப்பினாலும் ஜன்னல்தான் தெரிந்தது போலிருக்கிறது.

"பாப்பா, இங்க வா. உன் கண்ணு தப்பாப் பாக்காது. நீ பாத்துச் சொல்லு. இருக்கா, இல்லையா?"

அவள் முக்காலியில் உட்கார்ந்து குனிந்துகொண்டாள். நான் முடியை ஒதுக்கிப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. பிடரியிலிருந்து மெல்லிசாகப் பூனைமுடி ஒரு கோடுபோல முதுகுப்பக்கம் இறங்கியிருந்தது. அம்மாவுக்கும் அப்படித்தான் இருக்கும், குளிக்கும்போது முதுகு தேய்த்துவிடுகிற எனக்குத் தெரியும். பூக்காரம்மாவுக்கும் உண்டு. உங்கள் வீட்டுப் பெண்களின் பிடரியைப் பாருங்கள், அவர்களுக்கும் இருக்கும். எல்லோருக்கும் உள்ளது எப்படிக் குற்றமாகும் என்று ஒன்பது வயசில் எனக்குத் தோன்றியதா என்றால், தோன்றியது. சத்தியமாகத் தோன்றியது. ஆனால் அப்பா விடையைச் சொல்லிவிட்டார். விடை தெரிந்த பிறகு வேறொன்றைச் சொன்னால் நான் கணக்கில் தப்பு செய்ததாக ஆகிவிடும்.

"இருக்கு அத்தை" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். "கீழ இறங்கித்தான் போவுது."

அத்தை கண்ணாடியைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "அவருக்கு மிச்சம் இருக்கறது ஒரு கால்தான்" என்று மெதுவாகச் சொன்னாள், என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு எழுந்துபோய்ப் பையிலிருந்த மூன்று புடவைகளையும் மடிப்புக் கலையாமல் ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்பப் பெட்டியில் வைத்தாள். வேட்டியைக் கடைசியாக வைத்தாள். ஒன்பதரை பஸ் எங்கள் நிறுத்தத்தில் வந்து நின்று, ஏற ஆள் இல்லாததால் கிளம்பிப் போய்விட்டது.